கேள்வித்தாளில் மர்மம் இல்லை

தென்னிந்திய மாட்டுங்காவுக்கு அஸ்திவாரம் போட்டது ஆங்கிலம். கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் பம்பாய்க்கு ரயிலேறிய இளைஞர்களின் ட்ரங்குப் பெட்டியில் வேட்டி சட்டையோடு டைப்ரைட்டிங் சான்றிதழும் பிட்மன் சுருக்கெழுத்துப் புத்தகமும் இருந்தன. கம்பெனி மானேஜர் ஒரு கடிதத்தை மளமளவென்று சொல்வார். கேட்டுக் குறித்துக்கொண்டு, பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தால் வேலை நிச்சயம். 'இன்னொரு தடவை சொல்லுங்கள், சார்' என்று கேட்டவர்கள் அடுத்த கம்பெனிப் படி ஏறவேண்டியதுதான்.

தாராவிக்கு வந்தவர்களின் கதை வேறு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களிடம் யாரும் ஆங்கிலம் கேட்கவில்லை. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம் கேட்கிறார்கள். லண்டன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, கனடாவில் குடியேற்றம், ஆஸ்திரேலியாவில் மேற்படிப்பு என்று எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளேயிருந்து வரும் முதல் கேள்வி இதுதான்: 'ஐயெல்ட்ஸில் எத்தனை பேண்ட்?'

ஐ.இ.எல்.டி.எஸ். என்பதைத்தான் எல்லோரும் 'ஐயெல்ட்ஸ்' என்கிறார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கான இந்தத் தேர்வு இன்றைய பெயரில் 1989 முதல் நடக்கிறது. பிரிட்டிஷ் கவுன்சில், ஆஸ்திரேலியாவின் ஐ.டி.பி., கேம்பிரிட்ஜ் ஆகிய மூன்றும் இதன் கூட்டுச் சொந்தக்காரர்கள். இந்தியாவில் இதை நடத்தும் பொறுப்பு 2021 முதல் ஐ.டி.பி.யிடம் இருக்கிறது. கட்டணம் 17,000 ரூபாய்க்கு மேல். மதிப்பெண்ணின் ஆயுள் இரண்டு வருடம். சிறிய நர்சிங் ஹோமில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு அந்தத் தொகை கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம். அதனால்தான் தேர்வைப் பற்றிய வதந்திகளுக்கு இவ்வளவு மதிப்பு. வெள்ளைக்காரர் மாதிரி பேசவேண்டும், அகராதியில் இருக்கும் பெரிய வார்த்தைகளை அள்ளி விடவேண்டும், குறிப்பிட்ட சென்டரில் எழுதினால் மார்க் தாராளமாக விழும் என்று செம்பூர் முதல் சயான் வரை காற்றில் மிதக்கும் செய்திகள் ஏராளம். எல்லாமே தவறு.

மொழித் தேர்வைக் கண்டு தமிழன் பயப்படுவதற்கு ஒரு பழைய நியாயம் உண்டு. சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டு சேர்த்தது. கரும்புத் தோட்டத்தில் வெட்டுக்கத்தி பிடிக்க மொழி எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் இந்தியர்கள் சுதந்திரமாக வந்து கடை வைக்கத் தொடங்கியதும் நேட்டால் அரசு விழித்துக்கொண்டது. குடியேற வருபவர் ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் விண்ணப்பம் எழுதிக் காட்டவேண்டும் என்று 1897-ல் சட்டம் போட்டது. நிறத்தைக் காட்டித் தடுப்பது லண்டனுக்குச் சங்கடம். மொழியைக் காட்டித் தடுத்தால் யாருக்கும் சங்கடமில்லை.

இந்த உபாயத்தை ஆஸ்திரேலியா 1901-ல் இன்னும் கூர்மையாக்கியது. அதிகாரி 50 வார்த்தைகளைச் சொல்வார், வந்தவர் எழுதவேண்டும். எந்த ஐரோப்பிய மொழியில் சொல்வது என்பது அதிகாரியின் இஷ்டம். பல மொழிகள் தெரிந்த ஏகான் கிஷ் என்ற செக் நாட்டு எழுத்தாளருக்கு 1934-ல் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் டிக்டேஷன் கொடுத்துத் தோற்கடித்தார்கள். அவர் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார் என்பது வேறு விஷயம். தோற்கடிப்பதற்காகவே வைக்கப்பட்ட அந்தத் தேர்வு 1958 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது.

இன்றைய தேர்வுகளிலும் பணக்காரருக்குச் சாதகம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. எத்தனை கேள்வி, எவ்வளவு நேரம், எதற்கு மார்க், எதற்கு இல்லை என்பதையெல்லாம் இன்றைய தேர்வு முன்கூட்டியே அச்சிட்டுச் சொல்லிவிடுகிறது. மதிப்பீட்டாளர் கையில் இருக்கும் அளவுகோலின் பொதுப் பதிப்பு இலவசமாகவே கிடைக்கிறது. அதைப் படிக்காமல் கோச்சிங் கிளாஸில் ஆயிரக்கணக்கில் கொட்டி, அங்கே 'ரகசியம்' என்ற பெயரில் அதையே துண்டு துண்டாக வாங்கிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

முதலில் எந்தத் தேர்வு என்று தெரியவேண்டும். ஐயெல்ட்ஸில் இரண்டு வகை. பல்கலைக்கழகப் படிப்புக்கும் நர்ஸ், டாக்டர் பதிவுக்கும் 'அகாடமிக்'. கனடாவில் குடியேறுவது போன்ற காரியங்களுக்கு 'ஜெனரல் டிரெய்னிங்'. கேட்பதும் பேசுவதும் இரண்டுக்கும் ஒன்றே. படிப்பதும் எழுதுவதும் வேறு. வகை மாற்றி எழுதினால் 9 பேண்ட் வாங்கினாலும் பிரயோஜனமில்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வெகுகாலமாகக் கேட்டுவந்தது டோஃபல். 1964-ல் தொடங்கி, 2005-ல் இன்டர்நெட் வழித் தேர்வாக மாறி, 2023 ஜூலையில் இரண்டு மணி நேரத்துக்குள் சுருங்கிய தேர்வு இது. 2026 ஜனவரி முதல் அமைப்பும் மதிப்பெண் முறையும் மறுபடி மாறும் என்று அதை நடத்தும் இ.டி.எஸ். 2025-ல் அறிவித்தது. எனவே வி.ஜே.டி.ஐ.யில் படித்த அண்ணன் வைத்திருந்த பழைய டோஃபல் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்துப் பலனில்லை. பியர்சன் நிறுவனத்தின் பி.டி.இ. 2009-ல் வந்தது, கணினியிடம்தான் பேசவேண்டும். ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கென்றே தனியாக இருப்பது ஓ.இ.டி. போகிற நாடு, சேர்கிற நிறுவனம் எதை ஏற்கிறது என்று எழுத்துமூலம் உறுதி செய்துகொண்ட பிறகே பணம் கட்டவேண்டும். பலரும் எழுதுவது ஐயெல்ட்ஸ் என்பதால் அதன் நான்கு பகுதிகளையும் பார்த்துவிடலாம்.

முதலில் கேட்பது. 30 நிமிடம், நான்கு பகுதி, 40 கேள்வி. மாட்டுங்கா ஸ்டெனோவுக்கு இருந்த அதே விதி இங்கேயும் உண்டு: ஒரு முறைதான் ஒலிக்கும். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, வட அமெரிக்கா என்று பல ஊர் உச்சரிப்பு வரும். இந்த இடத்தில் தாராவிக்காரருக்கு ஒரு சாதகம் இருக்கிறது. வீட்டில் நெல்லைத் தமிழ், தெருவில் பம்பாய் இந்தி, வார்டு ஆபீஸில் மராத்தி, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் என்று வளர்ந்த காது, பழக்கமில்லாத உச்சரிப்பைக் கண்டு மிரளாது.

மிரளவைப்பது சின்ன விஷயங்கள். முதல் பகுதியில் பெரும்பாலும் பெயர், விலாசம், போன் நம்பர், தேதி என்று ஏதாவது ஒரு படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டையும் நம் ஊரில் ஒரே மாதிரி சொல்லிவிட்டு விரலைக் காட்டிச் சமாளித்துவிடலாம். ஒலிப்பதிவில் விரல் கிடையாது. 'டபுள் ஃபைவ்' என்றால் இரண்டு ஐந்து. பேசுபவர் முதலில் ஒரு கிழமையைச் சொல்லி, உடனே 'இல்லையில்லை' என்று மாற்றுவார், இரண்டாவதுதான் விடை. 'இரண்டு வார்த்தைக்கு மேல் வேண்டாம்' என்று கேள்வியில் இருந்தால் மூன்றாவது வார்த்தை சரியான விடையையும் சேர்த்துக் கொன்றுவிடும். எழுத்துப் பிழைக்கும் மார்க் இல்லை. கணினியில் எழுதுபவருக்குக் கடைசியில் சரிபார்க்கக் கிடைப்பது இரண்டே நிமிடம். தவறவிட்ட கேள்வியையே நினைத்துக்கொண்டிருந்தால் அடுத்த மூன்றும் போய்விடும். விடை தவறானால் மார்க் குறைக்கும் வழக்கம் இல்லை என்பதால் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது.

இரண்டாவது படிப்பது. 60 நிமிடம், 40 கேள்வி. அகாடமிக் தேர்வில் மூன்று நீண்ட கட்டுரைகள். பள்ளிப் பழக்கத்தில் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிதானமாகப் படித்தால் இரண்டாவது கட்டுரையிலேயே மணி அடித்துவிடும். ஒரு கட்டுரைக்கு 20 நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்த்து எழுந்துவிடவேண்டும்.

நன்றாகப் படித்தவர்களே சறுக்குவது 'சரி, தவறு, சொல்லப்படவில்லை' என்ற வகைக் கேள்வியில். இது அறிவைச் சோதிக்கும் கேள்வி அல்ல, கட்டுப்பாட்டைச் சோதிப்பது. ஒரு கட்டுரை, தோல் பதனிடும் ஆலைக் கழிவு ஆற்றைக் கெடுக்கிறது என்று மட்டும் சொல்வதாக வைத்துக்கொள்வோம். 'ஆலைத் தொழிலாளர்களின் உடல்நலம் பாதிக்கப்படுகிறது' என்பது கேள்வி. தாராவியில் வளர்ந்தவருக்கு அது உண்மை என்று தெரியும். ஆனால் கட்டுரையில் அந்தப் பேச்சே இல்லை. விடை, 'சொல்லப்படவில்லை'. தனக்குத் தெரிந்ததை மூலத்தின் தலையில் ஏற்றாமல் இருப்பது மொழிபெயர்ப்பாளருக்கு மட்டும் வேண்டிய ஒழுக்கமல்ல. மருந்துச் சீட்டில் இருப்பதை மட்டும் படிக்கவேண்டிய நர்ஸுக்கும் அது வேண்டும்.

மூன்றாவது எழுதுவது. தமிழர்கள் மட்டுமல்ல, இந்தியர்கள் பொதுவாக வழுக்கும் இடம் இதுதான். 60 நிமிடத்தில் இரண்டு வேலை. முதலாவது குறைந்தது 150 வார்த்தை. இரண்டாவது குறைந்தது 250 வார்த்தை, மதிப்பில் இரு மடங்கு. எனவே முதல் வேலைக்கு 20 நிமிடத்துக்கு மேல் தருபவர் தன் பையிலிருந்தே திருடுகிறார்.

அகாடமிக்கில் முதல் வேலை ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ பார்த்து, முக்கியமான மாற்றம் என்ன என்று சொல்வது. எல்லா எண்ணையும் ஒப்பித்தால் மார்க் குறையும். ஏன் அப்படி ஆனது என்று சொந்த விளக்கம் கொடுத்தாலும் அதற்கு மார்க் இல்லை. ஜெனரலில் முதல் வேலை ஒரு கடிதம். 'விடுநர், பெறுநர், ஐயா' என்று பழகிய கை உடனே விலாசம் எழுதத் தொடங்கும். விலாசம் வேண்டாம் என்று கேள்வித்தாளே சொல்கிறது. கடிதத்தில் மூன்று விஷயம் எழுதச் சொல்லியிருப்பார்கள். மூன்றையும் எழுதினோமா, எழுதியது நண்பருக்கா அதிகாரிக்கா என்பதற்கேற்ற தொனி இருக்கிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

இரண்டாவது வேலை கட்டுரை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தமிழாசிரியர் சொல்லிக் கொடுத்த அமைப்பு இங்கே நன்றாகவே உதவும். உதவாதது அதன் அலங்காரம். பழமொழியில் தொடங்கி, பெரியவர்கள் சொன்னதை நடுவில் வைத்து, 'எல்லாவற்றிலும் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு' என்று முடிப்பது நம் கட்டுரை மரபு. இங்கே கேட்பது வேறு. கேட்ட கேள்விக்கு நீங்கள் எந்தப் பக்கம், ஏன், உதாரணம் என்ன? கோச்சிங் கிளாஸ் மனப்பாடம் செய்யச் சொல்லும் முதல் பத்தியை மதிப்பீட்டாளர் ஆயிரம் தாளில் பார்த்திருப்பார். ஒப்பித்த பகுதிக்கு மதிப்பில்லை என்பது அளவுகோலிலேயே இருக்கிறது.

மார்க் நான்கு தலைப்புகளில் சமமாகப் பிரிகிறது: கேட்டதற்குப் பதில் சொன்னாரா, கருத்து கோவையாக ஓடுகிறதா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி. இலக்கணத்தில் தமிழர்களைக் காட்டிக்கொடுப்பவை பெரும்பாலும் தமிழே செய்யும் வேலைகள். நம் மொழியில் 'ஏ', 'தி' என்ற முன்சொற்கள் இல்லை. அதனால் வேண்டிய இடத்தில் விட்டுவிட்டு, வேண்டாத இடத்தில் வைக்கிறோம். 'எனக்கு இரண்டு அண்ணன்மார் இருக்கிறார்கள்' என்பதை 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்கிறோம். 'நேற்றுப் போயிருந்தேன்' என்பதன் நிழலில் 'ஐ ஹேட் கான் எஸ்டர்டே' வருகிறது. 'தாராவியிலேதான்' என்ற அழுத்தம் 'தாராவி ஒன்லி' ஆகிறது. இவை அறியாமை அல்ல. வீட்டு மொழியின் தடம். ஆனால் தடம் எங்கே விழுகிறது என்று தெரிந்தால் அழிப்பது சுலபம். இலக்கணப் புத்தகம் முழுவதையும் கரைத்துக் குடிப்பதைவிட, தான் வழக்கமாகச் செய்யும் ஐந்து தவறுகளை ஒரு நோட்டில் எழுதி வைப்பது பலன் தரும்.

நான்காவது பேசுவது. 11 முதல் 14 நிமிடம், மதிப்பீட்டாளர் ஒருவரோடு நேர்முகமாக, சில இடங்களில் வீடியோ வழியாக. பேச்சு பதிவு செய்யப்படும். முதல் நான்கைந்து நிமிடம் ஊர், வீடு, வேலை, பொழுதுபோக்கு. அடுத்து ஒரு அட்டையில் தலைப்பு தருவார்கள். ஒரு நிமிடம் யோசித்து, இரண்டு நிமிடம் வரை தனியாகப் பேசவேண்டும். கடைசியில் அதையொட்டி ஒரு விவாதம்.

இங்கேதான் மும்பைத் தமிழரின் பழைய கூச்சம் ஒன்று குறுக்கே நிற்கும். தாராவியில் இருப்பவர்களில் பலர் வேலை கேட்கப் போகும்போது 'சயான்' என்று சொல்லிப் பழகியவர்கள். தாராவி என்ற பெயர் கேட்டவரின் முகத்தில் என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியும். ஐயெல்ட்ஸ் அறையில் விலாசத்துக்கு மார்க் இல்லை, கழிப்பதும் இல்லை. மறைத்துப் பேசுபவருக்குத்தான் நஷ்டம். இல்லாத ஒரு பூங்காவையும் போகாத ஒரு நூலகத்தையும் கற்பனை செய்து பேசும்போது வார்த்தை தடுமாறும். பொங்கலன்று 90 அடி ரோட்டில் வரிசையாகப் பானை வைத்துப் பெண்கள் பொங்கலிடுவதைப் பேசினால் இரண்டு நிமிடம் போதாது. தெரிந்ததைச் சொல்லும்போது தான் மொழி தடையில்லாமல் வரும். பார்க்கப்படுவதும் அந்த ஓட்டம்தான்.

உச்சரிப்பு பற்றிய பயமும் தேவையில்லை. மார்க்கின் நான்கில் ஒரு பங்கு உச்சரிப்புக்கு. ஆனால் அது லண்டன் உச்சரிப்புக்கு அல்ல, கேட்பவருக்குச் சிரமமில்லாமல் புரிவதற்கு. தமிழ் நாக்கு கவனிக்க வேண்டியவை சில உண்டு. நம் எழுத்து 'ப'வையும் அதன் மெல்லொலியையும் பிரிப்பதில்லை. 'ஃபேன்', 'பேன்' வேறு வேறு என்று நினைவிருக்கவேண்டும். 'எம்' என்பது 'யெம்' ஆவதும், 'பஸ்' என்பது 'பஸ்ஸு' ஆவதும் கேட்பவரைக் குழப்பும். எல்லாவற்றையும்விட முக்கியம் அழுத்தம். தமிழில் எல்லா அசையும் ஏறத்தாழ ஒரே எடை. ஆங்கிலத்தில் 'போட்டோகிராஃப்' என்றால் முதல் அசையில் அழுத்தம், 'ஃபொட்டாகிராஃபர்' என்றால் இரண்டாவது அசையில். அழுத்தம் இடம் மாறினால் தெரிந்த வார்த்தையும் அந்நிய வார்த்தையாகிவிடும். நடுவில் 'மத்லப்', 'அதாவது' என்று தாவாமல் ஒரே மொழியில் நிற்பதும் பழக்கத்தால் மட்டுமே வரும். தெருவில் நான்கு மொழியில் சமாளிப்பவருக்கு இதுதான் மிகவும் கஷ்டம்.

இனி கணக்கு. ஒவ்வொரு பகுதிக்கும் 0 முதல் 9 வரை பேண்ட், நடுவில் அரை அரையாக. நான்கையும் கூட்டி நான்கால் வகுப்பார்கள். மிச்சம் கால் என்றால் அரைக்கு ஏறும். முக்கால் என்றால் முழு எண்ணுக்கு ஏறும். 6.5, 6, 5.5, 6.5 வாங்கியவருக்குச் சராசரி 6.125; கையில் கிடைப்பது 6. எழுத்தில் 5.5-க்குப் பதில் 6 வாங்கியிருந்தால் சராசரி 6.25, கிடைப்பது 6.5. ஒரு அரை பேண்டில் ஒரு வருடப் படிப்பு தள்ளிப்போகலாம்.

மொத்தம் மட்டும் போதாத இடங்களும் உண்டு. பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய, அங்குள்ள நர்சிங் கவுன்சில் அகாடமிக் ஐயெல்ட்ஸில் மொத்தம் 7 கேட்கிறது. தவிர, கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் தனித்தனியே 7 வேண்டும். எழுதுவதற்கு மட்டும் 2018 டிசம்பரில் 6.5 ஆகக் குறைத்தார்கள். தாராவியில் வளர்ந்து செம்பூரில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் 7.5, 7, 6, 7.5 வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 7. ஆனால் எழுத்தில் 6 என்பதால் கதவு திறக்காது. உடனே நான்கையும் மறுபடி எழுதவேண்டும் என்று அவர் நினைப்பார். அப்படியும் இல்லை. 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்களைச் சில நிபந்தனைகளோடு சேர்த்துக்கொள்ள அந்தக் கவுன்சில் 2023 பிப்ரவரி முதல் அனுமதிக்கிறது. ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதும் வசதியும் ஐயெல்ட்ஸில் வந்துவிட்டது. ஆனால் அதை எல்லா நிறுவனங்களும் ஏற்பதில்லை. தாளை மறுமதிப்பீடு செய்யக் கேட்கவும் வழியுண்டு. மார்க் ஏறினால் அந்தக் கட்டணம் திரும்ப வரும்.

அதே நர்ஸுக்கு 2017 நவம்பர் முதல் இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. ஓ.இ.டி. தேர்வில் உலக வெப்பமயமாதல் பற்றிக் கட்டுரை கேட்கமாட்டார்கள். நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து, இன்னொரு மருத்துவருக்கோ நர்ஸுக்கோ கடிதம் எழுதச் சொல்வார்கள். தேவையில்லாத குறிப்பை விடுவதற்கும் அங்கே மார்க் உண்டு. பேச்சுத் தேர்வில் எதிரே இருப்பவர் நோயாளியாக நடிப்பார். இவர் நர்ஸாகவே பேசினால் போதும். தினமும் வார்டில் செய்கிற வேலை.

குறுக்கு வழி விற்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2014 பிப்ரவரியில் பிபிசியின் 'பனோரமா' நிகழ்ச்சி, பிரிட்டனில் சில மையங்களில் 'டோயிக்' என்ற ஆங்கிலத் தேர்வை ஆள் மாற்றி எழுதுவதைப் படம் பிடித்துக் காட்டியது. தேர்வை நடத்திய இ.டி.எஸ். நிறுவனம் அங்கு நடந்த தேர்வுகளில் 97 சதவீதத்தைச் சந்தேகத்துக்குரியவை என்றது. அரசு பல்லாயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் விசாவில் கை வைத்தது. அவர்களில் இந்தியர்களும் இருந்தார்கள். நேர்மையாக எழுதிய சிலரும் அநியாயமாகக் குற்றம் சாட்டப்பட்டிருக்கலாம் என்று பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2019-ல் எழுதியது. அதற்குள் பலருடைய படிப்பும் பணமும் போயிருந்தன. 'நாங்களே பாஸ் பண்ணித் தருகிறோம்' என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தி, வாங்குபவரை மட்டுமல்ல, பக்கத்து நாற்காலிக்காரரையும் சேர்த்துக் கவிழ்க்கும்.

தேர்வு நாளுக்கு முன்பே தமிழர்களுக்கென்று ஒரு தனிச் சோதனையும் காத்திருக்கிறது: பெயர். ஊரில் நமக்கு இனிஷியல் போதும். மும்பைப் பள்ளியில் சொந்தப் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கேட்பார்கள். ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி என்று ஒரே ஆள் மூன்று ஆளாக நிற்பார். இந்தியர்களுக்கு ஐயெல்ட்ஸ் அறைக்குள் செல்லுபடியாகும் ஒரே அடையாளம் பாஸ்போர்ட்தான். அதில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே பதிவு செய்யவேண்டும். திருத்தவேண்டியது இருந்தால் பாஸ்போர்ட்டை முதலில் திருத்தவேண்டும், பணம் பிறகு.

பயிற்சிக்கு ஏசி ரூம் தேவையில்லை. ஹார்பர் லைனில் செம்பூரிலிருந்து வடாலா வரை இயர்போனில் ஒரு ஆங்கிலச் செய்தி அறிக்கையை ஒரே முறை கேட்டு, இறங்கியதும் ஐந்து எண்களையும் மூன்று பெயர்களையும் எழுதிப் பார்க்கலாம். ஒரு நாளிதழ்த் தலையங்கத்தை எட்டு நிமிடத்தில் படித்து, அதில் சொன்னது எது, சொல்லாதது எது என்று பிரிக்கலாம். தங்கையையோ தோழியையோ எதிரே உட்காரவைத்து, இரண்டு நிமிடம் நிறுத்தாமல் பேசி, போனில் பதிவு செய்து கேட்கலாம். தன் குரலைத் தானே கேட்பது முதலில் வேதனையாகத்தான் இருக்கும்.

எழுத்தை மட்டும் தன்னால் திருத்திக்கொள்ள முடியாது. ஒரு ஆசிரியரிடம் காட்டவேண்டும். கோச்சிங்குக்குப் பணம் செலவழிப்பதானால் அதற்கு மட்டும் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் சத்தம் குறைந்த நேரமாகப் பார்த்து, தேர்வு நிறுவனமே வெளியிட்டிருக்கும் மாதிரித் தாளை எடுத்து, கடிகாரத்தை முன்னால் வைத்து முழுசாக எழுதிப் பாருங்கள். ஐயெல்ட்ஸ் மொத்தமே மூன்று மணி நேரத்துக்குள்தான். வருகிற மார்க் தேவையிலிருந்து அரை பேண்ட் தள்ளியிருந்தால் தேதி குறிக்கலாம். ஒரு பேண்டுக்கு மேல் தள்ளியிருந்தால் அந்த 17,000 ரூபாய் இன்னும் மூன்று மாதம் உங்களிடமே இருக்கட்டும்.